புழுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

ஆய்வு மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் கையேடுகளில் தவறாமல் ஒரு பக்கம் இருக்கும். நன்றாகத் தூங்குங்கள், நடைப்பயிற்சி போங்கள், வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வகத்தை மறந்திருங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கும். தலைப்பில் 'சமநிலை' என்ற சொல் கட்டாயம் இடம்பெறும். அந்தப் பக்கத்தை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை, நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் சமநிலை என்றால் தராசு நினைவுக்கு வருகிறது. தராசு என்றால் அதைப் பிடித்திருக்கும் கை ஒன்று வேண்டும். அந்தக் கை மாணவருடையது என்று கையேடு தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு தட்டில் வேலை, மறு தட்டில் மனம், ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட வேண்டியது மட்டுமே அவர் பொறுப்பு என்பது கணக்கு.

இந்தக் கணக்கை ஏற்காத மூன்று அமெரிக்க நாவல்களைச் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெய்கெ வாங்கின் 'கெமிஸ்ட்ரி' (2017), பிராண்டன் டெய்லரின் 'ரியல் லைஃப்' (2020), யா ஜாசியின் 'ட்ரான்ஸெண்டன்ட் கிங்டம்' (2020). மூன்றிலும் மையப் பாத்திரம் அறிவியலில் முனைவர் பட்ட மாணவர். வளாக நாவல் என்ற வகை ஆங்கிலத்துக்குப் புதிதல்ல. கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்' 1954இலேயே வந்துவிட்டது. ஆனால் அவ்வகை நாவல்களில் பெரும்பாலும் பேராசிரியர்களே நாயகர்கள். அவர்களுடைய சில்லறைப் போட்டிகளும் காதல்களும் கதையாகும், ஆய்வு மாணவர் காபி விருந்தில் ஓரமாக நிற்பார். இந்த மூன்று நாவல்களும் அந்த ஓரத்திலிருந்து தொடங்குகின்றன. மூன்றில் இருவர் இதை வெளியிலிருந்து எழுதவில்லை. வாங் ஹார்வர்டில் வேதியியல் படித்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போனவர். டெய்லர் விஸ்கான்சினில் உயிர்வேதியியல் ஆய்வில் இருந்து, அதை விட்டுவிட்டு அயோவாவுக்கு எழுத்துப் பயிற்சிக்குப் போனவர்.

'ரியல் லைஃப்' ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஒரு வார இறுதிக்குள் ஏறத்தாழ முழுவதும் நடந்து முடிகிறது. வாலஸ் அலபாமாவிலிருந்து மத்திய மேற்கில் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு வந்திருக்கும் கறுப்பின இளைஞன், ஒருபால் ஈர்ப்பு உடையவன். அவன் படிக்கும் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பின மாணவர் யாரும் சேர்ந்ததில்லை. சில வாரங்களுக்கு முன் அவனுடைய அப்பா இறந்துபோனார். அவன் சவ அடக்கத்துக்குப் போகவில்லை, நண்பர்களிடமும் சொல்லவில்லை. கோடை முழுக்க அவன் வளர்த்துவந்த புழுக்களின் தட்டுகளில் பூஞ்சை படர்ந்திருப்பதை அவன் கண்டுபிடிப்பதிலிருந்து கதை நகர்கிறது.

அந்தப் புழுக்களைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். உயிரியல் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் உருளைப்புழு அது. ஒரு மில்லிமீட்டர் நீளம். அகார் ஊற்றிய வட்டத் தட்டில் பாக்டீரியாவைத் தின்று வளரும். 20 பாகை வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று, மூன்றரை நாள்தான். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய பிளாட்டினக் கம்பியின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை கலப்புக்கு வைத்தால் வெள்ளியோ சனியோ பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் அடுத்த தலைமுறை பிறந்து கலந்துபோகும், தட்டில் தீனி தீர்ந்துபோகும். புழுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கையேடு சொல்லும் 'ஒரு நாள் ஓய்வு' யாரிடம் கேட்டுப் பெறப்பட வேண்டியது என்று யோசித்தால், முதலில் இந்த ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் கேட்க வேண்டும்.

டெய்லர் இதை எங்கும் வாதமாக வைப்பதில்லை. வாலஸ் முக்காலியில் உட்கார்ந்து பொறுக்குவதை எழுதுகிறார். ஒரு தட்டு, அடுத்த தட்டு, பூஞ்சை, கொஞ்சம் மிஞ்சிய முட்டைகள். வேறு நாவலாசிரியர் ஒரு பத்தியில் கடந்திருப்பார், இவர் கடக்க மறுக்கிறார். போனது சில மணி நேரம் அல்ல, ஒரு கோடை என்பது நமக்குக் கையால் உணரும்படி ஆகிறது. யாராவது வேண்டுமென்றே செய்திருப்பார்களோ என்ற சந்தேகமும் ஓரத்தில் நிற்கிறது. அது தீர்வதில்லை. ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், இம்மாதிரிச் சந்தேகங்கள் தீர்வதே இல்லை.

இந்த நாவலைப் பற்றி எழுதியவர்கள் இனம், காமம், குழந்தைப் பருவக் காயம் ஆகியவற்றையே அதிகம் பேசினார்கள். அது நியாயம்தான். ஆனால் நான் இதை முதலில் வேலையைப் பற்றிய நாவலாகப் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது இனமும் வேறொரு துலக்கத்தில் தெரிகிறது. ஓர் இரவு விருந்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் வாலஸிடம், நீ வந்த இடத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாய்ப்பை விடக் கூடாது என்கிற தொனியில் பேசுகிறான். பேசியவனைவிட, சுற்றியிருக்கும் நண்பர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பதுதான் அந்தக் காட்சியின் கனம். நன்றியோடு இரு என்று நினைவூட்டப்படுகிற ஒருவனுடைய களைப்பு தூக்கத்தால் போகிற களைப்பு இல்லை. ஆய்வில் நீடிப்பதா என்று அவன் யோசிக்கும்போது அவனுடைய கேள்வி 'எவ்வளவு வேலை' என்பதாகவும் இல்லை. இங்கே இருப்பதற்கே தினமும் ஒரு விலை கட்ட வேண்டியிருக்கிறதே, அது எந்தக் கணக்கில் வரும் என்பதாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. நெறியாளர் சிமோன் ஒற்றைப் பரிமாணத்தில் நின்றுவிடுகிறார். உடன் வேலை செய்யும் டேனா அதைவிட மோசம், எரிச்சலூட்டுவதற்கென்றே படைக்கப்பட்டவர். நண்பர் வட்டத்தின் சாப்பாடுகளும் ஊடல்களும் நடுப்பகுதியில் ஒன்றையொன்று ஒத்துப்போய் அலுப்புத் தருகின்றன. இருந்தாலும் அந்த நுண்ணோக்கிப் பக்கங்களுக்காக இந்த நாவலை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

நான் முதுகலை ஆய்வேடு எழுதியது அமெரிக்க மத்திய மேற்கில்தான். துறை கணினி அறிவியல். எனக்குப் புழுக்கள் இல்லை. பலருக்குப் பொதுவான கணினித் தொகுதி ஒன்று இருந்தது, அதில் வரிசை. என் நிரலை வரிசையில் போட்டால் இரவு மூன்று மணிக்கு முறை வரும். நான்கு மணிக்கு ஏதாவது ஒரு பிழையில் நின்றுவிடும். காலையில் பார்த்தால் மறுபடி வரிசையின் கடைசி. அதனால் எழுந்து உட்கார்ந்திருப்போம். என் நெறியாளர் எங்களை இரவில் விழித்திருக்கச் சொன்னதே இல்லை. ஆய்வகக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது நான் ஆலோசகனாக இருக்கும் துறையில் நேரத்தைப் பதினைந்து நிமிடக் கூறுகளாகப் பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கிலும் பொய்கள் உண்டு, இந்த இதழின் வாசகர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் அங்கே நேரத்துக்கு ஒரு உரிமையாளர் எழுத்துபூர்வமாக இருக்கிறார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் போனால் யாரோ ஒருவர் புருவம் உயர்த்துவார், அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகவாவது. ஆய்வு மாணவரின் கதை வேறு. எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஆகவே ஆராய்ச்சி உதவியாளர் நியமனம் 20 மணி நேரத்துக்கு. மிச்சமெல்லாம் 'சொந்த ஆய்வு'. சொந்த ஆய்வும் உதவியாளர் வேலையும் ஒரே மேசையில், ஒரே கணினியில், ஒரே நெறியாளருக்காக நடக்கும். எது எங்கே முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் பதிலும் கிடையாது. இதைக் கொடுமை என்று சொல்ல வரவில்லை. எங்களில் பலருக்கு அந்த எல்லையில்லாமை பிடித்தும் இருந்தது. ஆனால் எல்லை இல்லாத ஒன்றை எப்படிப் பகுதியாகப் பிரித்துத் தராசில் வைப்பது?

புள்ளிவிவரங்கள் இதை அவற்றின் மொழியில் சொல்லியிருக்கின்றன. 2017இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. மூவரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருக்கவோ வரவோ வாய்ப்பிருக்கிறது என்றது. அதே அளவு படித்த மற்றவர்களோடு ஒப்பிட்டாலும் இது அதிகம். 2018இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்த இன்னொரு கணக்கெடுப்பு 26 நாடுகளில் 2,279 பேரிடம் எடுத்தது. பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வு 39 சதவீதம், பொது மக்களிடையே 6 சதவீதம். இரண்டாவது, இணையத்தில் அறிவித்து விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்ன கணக்கெடுப்பு. சோர்ந்தவர்களே அதிகம் பதில் சொல்லியிருக்கக் கூடும் என்ற சந்தேகத்தை மனதில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் முக்கியம். மனநலத்தோடு தொடர்புடையவை என்று அது கண்டவற்றில் வேலையின் சுமை, வேலை மீது மாணவருக்கு உள்ள பிடி, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, நெறியாளர் நடந்துகொள்ளும் விதம், குழுவில் முடிவுகள் எடுக்கப்படும் விதம் ஆகியவை இருந்தன. தூக்கமும் நடைப்பயிற்சியும் அந்தப் பட்டியலில் இல்லை. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 ஆய்வாளர்களும் மாணவ ஆசிரியர்களும் ஆறு வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டதில் முதன்மையானது ஊதியம். வீட்டு வாடகை கட்ட முடியாதவரிடம் மூச்சுப்பயிற்சியைப் பற்றிப் பேசுவதன் அபத்தம் அப்போது பலருக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் கணக்கெடுப்பு ஒருவரை ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வைக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதற்கு 'கெமிஸ்ட்ரி'க்குப் போக வேண்டும்.

வாங்கின் கதைசொல்லிக்குப் பெயர் இல்லை. பாஸ்டனில் வேதியியல் முனைவர் பட்ட மாணவி. சிறு வயதில் சீனாவிலிருந்து வந்தவள். கூடவே வாழும் எரிக் அதே துறையில் எல்லாவற்றையும் சுலபமாகச் செய்து முடிப்பவன், அவளைத் திருமணத்துக்குக் கேட்டுக்கொண்டே இருப்பவன். நாவலின் முக்கியப் பாத்திரங்களில் அவனுக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் எல்லாரும் தோழி, ஆய்வகத் தோழி, நாய், அம்மா, அப்பா. வருடங்கள் போகின்றன, சோதனை வேலை செய்யவில்லை. ஒரு நாள் அவள் பீக்கர்களைத் தரையில் எறிந்து உடைக்கிறாள். மருத்துவ விடுப்பு, மனநல மருத்துவர், பிறகு பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் சொல்லித்தருவது என்று கதை போகிறது. போகிறது என்பதுகூடச் சரியில்லை. சின்னச் சின்னப் பத்திகள், நடுவே வெற்றிடம், திடீரென்று ஓர் அறிவியல் தகவல், ஒரு கசப்பான நகைச்சுவை, அப்பாவைப் பற்றி ஒரு நினைவு. ஆய்வகக் குறிப்பேடு போலவே இருக்கிறது. குறிப்பேட்டில் ஒருவர் காரணம் எழுத மாட்டார், நடந்ததை எழுதுவார். ஏன் உடைத்தேன் என்று இந்தப் பெண்ணும் எழுதுவதில்லை. எண்ணத்தை முடிக்க முடியாத ஒரு மனத்தை வாங் விவரிக்கவில்லை. அந்த மனம் எழுதினால் பக்கம் எப்படி இருக்குமோ அப்படி எழுதியிருக்கிறார். அறிவியல் துணுக்குகள் சில இடங்களில் அளவுக்கு மீறிச் சாமர்த்தியமாக உட்கார்ந்திருக்கின்றன என்பதைத் தவிர எனக்கு இந்த வடிவத்தின் மேல் புகார் இல்லை.

அவளுடைய அப்பா சீனாவின் கிராமம் ஒன்றிலிருந்து படித்து மேலே வந்து அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டம் பெற்றவர். அம்மா ஷாங்காயில் மருந்தாளுநராக இருந்தவள், இங்கே வந்து அந்த வாழ்க்கையை இழந்தவள். ஆய்வை விட்டுவிட்ட செய்தியை அவள் நெடுநாள் அவர்களிடம் சொல்வதில்லை. கடைசியில் தெரிந்ததும் அம்மா கோபத்தில் அந்தப் பட்டம் இல்லாவிட்டால் நீ எனக்கு ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படாது. நம் அம்மாக்கள் அவ்வளவு நேராகச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் எத்தனை நாள்ப்பா?" என்று கேட்பார்கள். "அந்தப் பையன் உனக்கு அப்புறம்தானே போனான், முடிச்சிட்டானாமே?" என்பார்கள். போனை வைத்த பிறகு அது வேலை செய்யும். வாங்கின் அம்மா அதற்குப் பின் என்ன ஆகிறாள், அவளுக்கும் மகளுக்கும் நடுவே மெல்ல என்ன நடக்கிறது என்பதுதான் நாவலின் பின்பாதியில் மிக நுட்பமான பகுதி. அம்மாவைக் கெட்டவளாக்கிவிட்டுப் போவது எளிது, வாங் அதைச் செய்யவில்லை. தன் பட்டத்தைத் தொலைத்த ஒருத்திதான் மகளின் பட்டத்தை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நாமே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுகிறார்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வாங்கின் கதைசொல்லி பீக்கரை உடைத்துவிட்டு வீட்டில் இருக்க முடிந்தது, அவள் அந்த நாட்டில் வளர்ந்தவள். எஃப்-1 விசாவில் வந்த ஒருவருக்கு அது நடக்காது. முழுநேர மாணவராகப் பதிவில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விசாவின் அடிப்படை. படிப்பைச் சில மாதம் நிறுத்திவைத்தால் பொதுவாக நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒரே ஒரு கதவு உண்டு. மருத்துவரின் சான்று இருந்தால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் ஒப்புக்கொண்டால், உடல்நலக் காரணத்துக்காக மொத்தம் 12 மாதம் வரை படிப்பின் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கதவின் மேல் 'நோய்' என்று எழுதியிருக்கிறது. களைத்துப்போனவர் நோயாளி என்று கையெழுத்து வாங்கினால்தான் உட்கார முடியும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்துக்குப் போவார்கள்? ஊரில் தெரிந்தால் கல்யாணம் நிற்கும் என்று பயப்படுகிற குடும்பங்களிலிருந்துதானே வருகிறோம். ஆக, 'கெமிஸ்ட்ரி'யின் நாயகி நின்ற இடத்தில் நிற்பதற்கே ஒரு குடியுரிமை வேண்டியிருக்கிறது. வாங் இதை எழுதவில்லை, அவருடைய கதை அதுவல்ல. எழுதப்பட வேண்டிய இன்னொரு நாவல் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

'ட்ரான்ஸெண்டன்ட் கிங்டம்' தராசை வேறு விதமாகக் கலைக்கிறது. கிஃப்டி ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் ஆய்வு மாணவி. கானாவிலிருந்து அலபாமாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். அண்ணன் நானா கூடைப்பந்து விளையாடி அடிபட்டு, வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் தொடங்கி, ஹெராயினில் செத்துப்போனவன். அம்மா அதற்குப் பின் படுக்கையில் விழுந்தவள். நாவலின் நிகழ்காலத்தில் மறுபடி விழுந்து, மகளின் அடுக்ககத்தில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கிஃப்டி ஆய்வகத்துக்குப் போகிறாள். அங்கே எலிகள் நெம்புகோலை அழுத்தினால் சத்துபானம் கிடைக்கும், சில சமயம் காலில் மின்னதிர்ச்சியும் கிடைக்கும். பெரும்பாலான எலிகள் கொஞ்ச நாளில் நிறுத்திவிடும். சில எலிகள் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த எலிகளின் மூளையில் என்ன நடக்கிறது என்பதே அவளுடைய ஆய்வேடு.

இவளைப் பார்த்து வேலையைக் குறைத்துக்கொள், மனத்தைக் கவனி என்று சொன்னால் என்ன பொருள்? அவளுக்கு வேலைதான் மனம். அண்ணனைப் பற்றி அழுவதற்கு அவளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே இடம் அந்த ஆய்வகம், அதுவும் அழாமல் அழுவதற்கு. அதே சமயம் அந்த வேலைதான் அவளை மனிதர்களிடமிருந்து விலக்கியும் வைக்கிறது. மருந்தும் நஞ்சும் ஒரே சீசாவில். இந்த விஷயத்தில் ஜாசி மற்ற இருவரையும்விட ஆழமாகப் போகிறார் என்பது என் முடிவு. ஆய்வில் மூழ்கியவர்களை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எப்போதும் தவறவிடுவது இதைத்தான். என்னோடு படித்தவர்களில் மிக அதிக நேரம் ஆய்வகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் விரட்டப்பட்டவர்கள் அல்ல. சிலருக்குத் தங்கும் அறைக்குத் திரும்புவதுதான் பயமாக இருந்தது.

இவ்வளவு தூரம் வந்த நாவலின் கடைசிப் பக்கங்களில் கிஃப்டிக்குப் பிரின்ஸ்டனில் சொந்த ஆய்வகம், அன்பான துணைவன், அமைதி எல்லாம் கிடைத்துவிடுகின்றன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. துன்பப்பட்டதற்குப் பதவி கிடைத்தது என்று கணக்கை முடித்துவைப்பது போல இருக்கிறது. நெம்புகோலை விடாமல் அழுத்திய எலிக்குக் கடைசியில் சத்துபானம் கொடுத்து அனுப்பிய மாதிரி.

தமிழில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று தேடினால், எனக்குக் கிடைப்பது எதிர்பாராத ஒரு புத்தகம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்தபோது முடியாமல் நின்றுபோனது. நாம் அதை ஆசிரிய பக்தியின் காவியமாகவும் ஏட்டுச்சுவடிகளைத் தேடிய கதையாகவும் படிக்கிறோம். ஆனால் 1871இல் பதினாறு வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876இல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்த அந்த இளைஞர் இன்றைய சொல்லில் ஓர் ஆய்வு மாணவர்தான். ஆசிரியருக்கு ஒழிவு கிடைக்கும்வரை காத்திருந்தார். ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதினார். பாடம் நடக்கும் நாளும் நடக்காத நாளும் அவர் கையில் இல்லை. சாமிநாதன் என்ற பெயர்கூட ஆசிரியர் விருப்பப்படி வந்ததுதான், அதற்கு முன் வெங்கடராமன்.

அதில் ஓர் இடம் உண்டு. மாயூரத்தில் இருந்த காலத்தில் அவர் 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்றுக்கொள்ளப் போகிறார். சாமிநாதையரின் அப்பா சங்கீதக்காரர், மகனுக்கும் அது வர வேண்டும் என்ற ஆசை வீட்டில் உண்டு. இந்த விஷயம் பிள்ளைக்குத் தெரியவருகிறது. இசையில் இறங்கினால் இலக்கியத்தில் கவனம் நிற்காது என்பது அவர் எண்ணம். இசைப் பாடம் நின்றுபோகிறது. சாமிநாதையர் இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் அதை விடாமல் எழுதினார் என்பது மட்டும் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறேன். பிள்ளை எவ்வளவு அன்பான ஆசிரியர் என்பதற்கு அதே புத்தகத்தில் நூறு சான்று உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாங்கையும் டெய்லரையும் படித்த பிறகு என் கண் அந்தப் பாடப்படாத பாட்டின் மேல் நிற்கிறது. நல்ல நெறியாளர், நல்ல மாணவர், இருவருக்கும் இடையில் அன்பு, இருந்தும் மாணவருடைய நேரம் மாணவருடையது இல்லை. கொடுமைக்காரப் பேராசிரியர் கதைகளைவிட இதுதான் எனக்குக் கூடுதலாகப் புரியவைக்கிறது.

'என் சரித்திர'த்துக்குப் பின், நான் படித்தவரை, ஆய்வு மாணவரை நடுவில் வைத்துத் தமிழில் பெரிய முயற்சி ஏதும் கண்ணில் படவில்லை. புலம்பெயர்ந்த நம் கதைகளில் பனி இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, ஊரில் சாகும் அப்பா இருக்கிறார். போகாமல் விட்ட சவ அடக்கம் நமக்கு நன்றாகத் தெரிந்த கருதான். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த நேரத்தில் அவன் கையில் பிளாட்டினக் கம்பி இருந்ததா, குழாயில் எத்தனை மில்லிலிட்டர் இருந்தது, விட்டுவிட்டுப் போயிருந்தால் எந்த மாதம் வீணாகியிருக்கும் என்பதை நாம் எழுதுவதில்லை. வேலையைப் பின்னணியாக வைத்துவிட்டுத் துயரத்தை முன்னால் எழுதுகிறோம். 1965 முதல் அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் ஆய்வகங்களில்தான் இளமையைக் கழித்தார்கள். அவர்களில் எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆய்வகம் இலக்கியத்துக்கு உரிய இடம் இல்லை என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்த மாதிரி இருக்கிறது.

இந்த மூன்றில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு, சுருக்கமானது என்பதற்காகவும் சிரிக்க வைக்கும் என்பதற்காகவும் 'கெமிஸ்ட்ரி'யைச் சொல்வேன். எனக்கு மிக நெருக்கமானது என்றால் 'ரியல் லைஃப்'தான், அதன் கடைசி அத்தியாயத்துக்காக. கதை அந்த வார இறுதியோடு முடிந்திருக்கலாம். டெய்லர் அப்படி விடாமல் சில வருடங்கள் பின்னால் போகிறார். வாலஸ் அந்த ஊருக்கு முதன்முதலில் வந்த நாட்கள் அவை. ஏரியைப் பார்க்கிறான். பின்னால் நண்பர்களாகப் போகிறவர்களை அங்கேதான் முதலில் சந்திக்கிறான். விருந்து மேசையில் மௌனமாக இருக்கப் போகிறவர்கள் இவர்கள்தான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பூஞ்சை வரவில்லை, அப்பா உயிரோடு இருக்கிறார். கோடைக்கால மாலை, எல்லாருக்கும் அவனுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.